காலித் தொட்டியில் 1,800 கிலோ

2005 ஆகஸ்ட் 6 அன்று இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனிசியாவின் ஜெர்பா தீவுக்குக் கிளம்பியது டியூனின்டர் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 விமானம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு இண்டிகோ ஓட்டுகிற புரொப்பெல்லர் விமானத்தின் மூத்த சகோதரன். சிசிலித் தீவுக்கு வடக்கே, 23,000 அடி உயரத்தில், ஒரு எஞ்சின் நின்றது. இரண்டு நிமிடம் ஆவதற்குள் மற்றதும் நின்றது. சிசிலியின் பலெர்மோ விமான நிலையத்தை எட்டிப்பிடிக்கப் பார்த்தார்கள் விமானிகள், முடியவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் எஞ்சின் இல்லாமலே இறங்கி, கப்போ கல்லோ முனைக்கு அப்பால் கடலில் மோதி மூன்று துண்டானது. இருந்த 39 பேரில் 16 பேர் இறந்துபோனார்கள்.

கடைசிவரை எஞ்சின்களை மறுபடி கிளப்ப முயன்றுகொண்டே இருந்தார்கள் விமானிகள். கிளப்பாமல் என்ன செய்வார்கள்? எதிரே இருந்த எரிபொருள் மானி 1,800 கிலோ மிச்சம் என்றது. தொட்டிகளில் சொட்டு எண்ணெய் இல்லை.

பயணிகள் விமானம் எண்ணெயைச் சுமப்பது பெரும்பாலும் இறக்கைக்குள். காரணம் இட வசதி மட்டுமல்ல. பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெயின் எடை அதைக் கீழே அழுத்திப் பிடிப்பதால் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. ஆனால் அளப்பவருக்கு அதே இறக்கைதான் தலைவலி. நுனிக்குப் போகப் போகக் குறுகும், மெலியும்; கொஞ்சம் சாய்ந்தும் இருக்கும். அதற்குள் ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் ஓரிடத்தில் பல லிட்டர், இன்னோரிடத்தில் சில லிட்டர்.

அதனால் தொட்டிக்குள் ஆங்காங்கே குழாய்க்குள் குழாயாகத் தண்டுகளை நிறுத்துகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு மின்தேக்கி. இரு குழாய்களுக்கு நடுவே காற்று இருந்தால் ஒரு அளவு மின்னூட்டம் தேங்கும். மண்ணெண்ணெய் ரகமான விமான எரிபொருள் இருந்தால் ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு. எவ்வளவு நனைந்திருக்கிறது என்பது இப்படித் தெரிந்துவிடும். தண்டுக்குத் தெரிவது அவ்வளவுதான். எத்தனை கிலோ என்று சொல்வது விமானி அறையில் இருக்கும் மானிப் பெட்டி. தொட்டியின் வடிவம், தண்டுகளின் எண்ணிக்கை, அவை நிற்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்த ஒரு கணக்கு அதற்குள் எழுதப்பட்டிருக்கும். பெட்ரோல் பங்கில் நிலத்தடித் தொட்டிக்குள் டிப் ராடை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை என்று பார்த்து, அந்தத் தொட்டிக்கான அட்டவணையில் லிட்டரைத் தேடுவார்களே, அதே வேலை. பக்கத்து பங்கின் அட்டவணையை எடுத்துப் பார்த்தால் ஈரம் சரி, லிட்டர் பொய்.

துனிசியத் தலைநகர் துனிஸில் விபத்துக்கு முந்தின நாள் இரவு நடந்தது இதுதான். மானியின் எண்கள் சரியாக ஒளிரவில்லை என்று வேறொன்றை மாட்டினார்கள். மாட்டியது ஏ.டி.ஆர். 42 விமானத்துக்கு உரியது. பார்வைக்கு ஒரே மாதிரி, பொருத்தும் இடமும் அப்படியே ஒத்துப்போகும். உதிரிபாகப் பட்டியலைக் காட்டும் கணினியும் ‘இது அதற்கு ஆகும்’ என்றே காட்டியிருந்தது.

வீட்டிலேயே விமானம் கட்டுபவர்கள் தொட்டியை அளக்கும் இந்த வேலையில் படுகிற பாடு எனக்குப் பிடித்த விஷயம். அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனத்து ஆர்.வி. ரகங்கள் பெரும்பாலானவற்றில் இறக்கையின் முன்விளிம்பே தொட்டி. தகடுகளின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒவ்வொரு ரிவெட்டிலும் நாறுகிற, கையைவிட்டுப் போகாத பசையைப் பூசி அடைப்பார்கள். பிறகு ஒரு வாயில் பலூனைக் கட்டி மெல்லக் காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். வெயில் ஏறினால் பலூன் தானே உப்பும், இறங்கினால் சுருங்கும். ஓட்டை என்று எண்ணிப் பதறுபவர்கள் உண்டு. எல்லாம் முடிந்தபின் விமானத்தைப் பறக்கும் நிலையில் மட்டமாக நிறுத்துவார்கள். பின்சக்கர விமானம் என்றால் வாலைத் தூக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். காலித் தொட்டியில் கேன் கேனாக அளந்து ஊற்றி, ஒவ்வொரு கேனுக்கும் மானி என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். சலிப்பூட்டும் வேலை. ஆனால் அந்தத் தொட்டிக்கென்றே ஒரு அட்டவணை அதிலிருந்துதான் பிறக்கிறது. இறக்கை சாய்ந்திருப்பதால், மிதவை வகை மானி தொட்டி நிரம்பும் முன்பே ‘முழுசு’ என்று சொல்லிவிடும் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

தொழிற்சாலையில் கட்டிய விமானத்தில் இந்தச் சலிப்பையெல்லாம் யாரோ முன்பே பட்டு, கணக்கைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதை மாட்டுகிறவர் தொட்டியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. வசதிதான், ஆபத்தும் அதிலேயே.

துனிஸில் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வாய்ப்பு இருந்தது. இரவோடு இரவாக மானி இரண்டு டன்னுக்கு மேல் ஏறியிருந்தது. யாரோ நிரப்பியிருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு; நிரப்பியிருந்தால் ரசீது இருக்க வேண்டும். ரசீதைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, விமானம் கிளம்பிவிட்டது. பாரியிலிருந்து புறப்படும்போது மானி காட்டியது 2,700 கிலோ. இருந்தது 600 கிலோகூட இல்லை.

கடலில் உடைந்தபின் இறக்கையோடு கூடிய நடுப்பகுதி சிறிது நேரம் மிதந்தது. பிழைத்தவர்களில் சிலர் அதில் ஏறி நின்றார்கள். இறக்கையின் தொட்டிகளில் காற்றே நிறைந்திருந்தது மிதப்பதற்கு உதவியிருக்கும்.

விசாரித்த இத்தாலிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, பெட்டி மாறிய பிழையோடு நிற்கவில்லை. எண்ணெய் தீரப்போகிறது என்று எச்சரிக்க ஒரு விளக்கு அந்த விமானத்தில் இருந்தது. அது எரியவே இல்லை, ஏனென்றால் எப்போது எரிய வேண்டும் என்று அதற்குச் சொல்வதும் அதே மானிதான். 1,800 கிலோ இருக்கிறது என்று நம்புகிற பெட்டி எதற்காக எச்சரிக்கும்? எச்சரிக்கை விளக்கு மானியைச் சாராமல் தனியே இயங்க வேண்டும் என்று விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. தொட்டியின் அடியில் ஓர் உணரி, நனைந்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். அதற்கு அட்டவணை வேண்டாம், இறக்கையின் வடிவம் தெரிய வேண்டாம், கிலோ கணக்கும் வேண்டாம்.