முதல் மேக்ரோ லென்ஸ்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

வாசலில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியை உற்றுப் பார்த்தால், இளம் இலையில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு முட்டை ஒட்டியிருப்பது சில நாள்களில் கண்ணில் படும். வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டை அது. குறுக்களவு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 லென்ஸை எவ்வளவு நெருக்கிப் பிடித்தாலும் படத்தில் அது வெறும் புள்ளிதான். மேக்ரோ லென்ஸ் வாங்கும் ஆசை பலருக்கும் இப்படித்தான் பிறக்கிறது.

ஆசை வந்தவுடன் கடைக்கு ஓட வேண்டாம். பெயர் பெற்ற நிறுவனத்தின் புதிய மேக்ரோ லென்ஸுக்குச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். குடும்பச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அலமாரியில் தூங்கக் கூடாது என்றால், சில அளவுகளைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பெயரை நம்பாதீர்கள்

லென்ஸின் மேல் 'மேக்ரோ' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. பல ஜூம் லென்ஸ்களிலும் அந்தச் சொல் உண்டு. பார்க்க வேண்டியது உருப்பெருக்க விகிதம். 1:1 என்றால், 10 மி.மீ. நீளமுள்ள சிலந்தி கேமராவின் சென்சார் மீதும் 10 மி.மீ. நீளத்துக்கே விழும். 1:2 என்றால் அதில் பாதி. சாதாரண 18-55 லென்ஸில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம்.

நிக்கோன் நிறுவனம் இவ்வகை லென்ஸ்களை 'மைக்ரோ' என்றே அழைக்கிறது. பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். ஆனால், அந்நிறுவனத்தின் பழைய 55 மி.மீ. மைக்ரோ லென்ஸ்களில் பல தனியாக 1:2 வரைதான் போகும். பழைய பொருள் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையே எவ்வளவு?

அடுத்தது குவியத் தூரம். 60, 100, 180 என்று எதை வாங்கினாலும் 1:1 உருப்பெருக்கம் ஒன்றுதான். மாறுவது, லென்ஸின் முன்முனைக்கும் பூச்சிக்கும் நடுவிலுள்ள இடைவெளி. முழு உருப்பெருக்கத்தில் 60 மி.மீ. லென்ஸுக்கு அந்த இடைவெளி சுமார் 9 செ.மீ., 100 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 14 செ.மீ., 180 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 24 செ.மீ. 35, 40 மி.மீ. லென்ஸ்களில் 4 செ.மீ. கூட இருக்காது.

விளம்பரத்தில் போட்டிருக்கும் 'குறைந்தபட்ச ஃபோக்கஸ் தூரம்' இதுவல்ல. அது சென்சாரிலிருந்து அளப்பது. 100 மி.மீ. லென்ஸுக்கு 30 செ.மீ. என்று போட்டிருந்தால், அதில் பாதிக்கு மேல் கேமராவும் லென்ஸுமே எடுத்துக்கொள்ளும்.

தாலிக்கொடி, மோதிரம், மல்லிகைச் சரம், கோலப்பொடி போன்றவை ஓடிப்போவதில்லை. அவற்றுக்கு 60 மி.மீ. போதும். ரம்புத்தான் மரத்துச் செவ்வெறும்பு வேறு ரகம். மலாயில் கெரெங்கா எனப்படும் அந்த எறும்பின் கூட்டருகே 4 செ.மீ. தூரத்தில் கையை நீட்டினால், படத்துக்கு முன்னால் கடிதான் கிடைக்கும். தும்பியும் குதிக்கும் சிலந்தியும் நம் நிழல் பட்டாலே நகர்ந்துவிடும். பூச்சிகளில் நாட்டம் இருந்தால் 90 முதல் 105 மி.மீ. வரையிலான லென்ஸே முதல் லென்ஸாகப் பொருந்தும். கல்யாண வீட்டில் முகங்களைப் படமெடுக்கவும் அது கைகொடுக்கும். 180 நல்லதுதான், ஆனால் கனம் அதிகம், விலையும் அதிகம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எஃப் 2.8 என்ற எண்ணுக்கு மயங்காதீர்கள்

1:1 நெருக்கத்தில் எஃப் 2.8 வைத்தால், முழுச்சட்டக கேமராவில் தெளிவாக விழும் ஆழம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான். சிலந்தியின் கண் தெளிந்தால் கால் மங்கும். எஃப் 11 வைத்தால் அது 1.3 மி.மீ. அளவுக்கு வளரும். ஆகவே மேக்ரோ எடுப்பவர்கள் துவாரத்தைச் சுருக்கியே வைப்பார்கள். சுருக்கினால் வெளிச்சம் போதாது. நம் காடுகளில் மரநிழலும் அடர்த்தி. எனவே, லென்ஸுக்கான பணத்தில் ஒரு பகுதியை ஃபிளாஷுக்கு ஒதுக்குங்கள். அதன் முன்னால் வெள்ளைத் துணியோ மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக்கோ மறைத்தால் ஒளி மென்மையாகும்.

கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி தூரத்துக் காட்சிக்கு உதவும் அளவுக்கு 1:1 நெருக்கத்தில் உதவாது. தானியங்கி ஃபோக்கஸும் முன்னும் பின்னும் அலையும். அனுபவசாலிகள் ஃபோக்கஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடலைச் சற்றே முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் கணத்தில் அழுத்துவார்கள்.

முதலில் மலிவாக ஒரு மாதம்

விருப்பம் நிலைக்குமா என்பதைச் சோதிக்க வழி உண்டு. ரேய்னாக்ஸ் டிசிஆர்-250 போன்ற ஒட்டு லென்ஸை உங்களிடம் இருக்கும் ஜூம் லென்ஸின் முன்னால் மாட்டலாம். 200 மி.மீ. ஜூமில் அது 1:1-ஐத் தாண்டி ஒன்றரை மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும். கண்ணாடி இல்லாத நீட்டிப்பு வளையங்களும் உண்டு. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. வளையம் போட்டால் பாதி அளவு, 50 மி.மீ. போட்டால் முழு அளவு கிடைக்கும். இரண்டிலும் தூரத்துக் காட்சி தெளியாது என்பதே குறை.

இதை வைத்து அந்தக் கறிவேப்பிலைச் செடியையே ஒரு மாதம் பின்தொடருங்கள். முட்டை, பறவை எச்சம்போல் தோன்றும் குட்டிப் புழு, பிறகு பச்சைப் புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று ஏறக்குறைய அந்தக் காலத்துக்குள் முழுக் கதையும் நடந்துவிடும். முட்டைக்கு 1:1-ஐ விடவும் அதிகம் தேவைப்படும். 4 செ.மீ. அளவுக்கு வளர்ந்த புழு 1:1 படத்துக்குள் அடங்கவே அடங்காது. உங்களுக்குப் பிடித்தது எந்தக் கட்டம், எவ்வளவு தூரத்தில் நின்றால் வசதி என்பது அப்போது தானாக விளங்கும். இலையைக் கிள்ள வேண்டாம். அசையாமலிருக்கப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதுவும் வேண்டாம். விடியற்காலையில் பனி காயும் முன் போனால் பூச்சிகளே மந்தமாக அமர்ந்திருக்கும்.

பழையதை வாங்கினால்

மேக்ரோ லென்ஸ்கள் நெடுநாள் உழைப்பவை. பழையதை வாங்குவதில் தவறில்லை. கைப்பேசி விளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல நூல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். துவார இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தாலும் அப்படியே.

புதிய லென்ஸுக்கும் நம் ஊர் ஈரக்காற்று பகைதான். துணிப்பைக்குள் வைத்து அலமாரியில் பூட்டினால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்ததாகும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டி நல்லது. வசதியில்லை என்றால், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் ஈரத்தைக் குடித்து நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி பயன்படுத்துங்கள். லென்ஸ் வாங்கும் அன்றே அந்தப் பெட்டியையும் வாங்கிவிடுங்கள்.