எங்கிருந்தோ வந்த பணம்

உஷ்! செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வாருங்கள். 1955 டிசம்பர் 1, நள்ளிரவு. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி. கறுப்பின மாணவர்கள் படிக்கும் அரசுக் கல்லூரி ஒன்றில் சைக்ளோஸ்டைல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் ஆங்கிலப் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன். உதவிக்கு சக ஆசிரியர் ஒருவர், நம்பகமான மாணவர்கள் இருவர். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸை அன்று மாலைதான் போலீஸ் கைது செய்திருந்தது.

ஒரு தாளில் மூன்று நோட்டீஸ். அடித்து, வெட்டி, கட்டுக்கட்டாக அடுக்குகிறார்கள். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏற வேண்டாம், சேதி அவ்வளவுதான். அதிகாலை நான்கு மணிக்குப் பல்லாயிரம் பிரதிகள் தயார்! மெஷின் கல்லூரியுடையது, விஷயம் வெளியே தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. அம்மையாருக்கோ காலை எட்டு மணிக்கு வகுப்பு வேறு. தவறாமல் போய்ப் பாடம் எடுத்தாராம்!

திங்களன்று பஸ்கள் காலியாக ஓடின. மதியமே ஒரு தேவாலயத்தில் கூடி 'மாண்ட்கோமரி மேம்பாட்டுச் சங்கம்' தொடங்கினார்கள். ரகசியமாக நடத்தலாமே என்று சில போதகர்கள் இழுக்க, ரயில்வே தொழிலாளி ஈ.டி. நிக்சன் வெடித்துவிட்டார்: துணி துவைக்கும் பெண்கள் போடும் காணிக்கையில் வாழ்கிற நீங்களா பயப்படுவது? தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு வயது 26. பெயர், மார்ட்டின் லூதர் கிங். அன்று இரவுப் பொதுக்கூட்டத்துக்கான பேச்சைத் தயாரிக்க அவருக்குக் கிடைத்தது சுமார் இருபதே நிமிஷம்.

சங்கம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? ஓட்டுநர்கள் மரியாதையாகப் பேசணும். முதலில் வந்தவருக்கு முதல் இடம், அதுவும் கறுப்பர்கள் உட்காருவது பின்னாலிருந்துதான். கறுப்பர் பகுதிகளில் கறுப்பின ஓட்டுநர்கள். இதற்கே நகரம் மசியவில்லை. பிறகுதான் வழக்கு, உச்ச நீதிமன்றம் எல்லாம். ஒரு நாள் என்று தொடங்கிய புறக்கணிப்பு 381 நாள் நீண்டது.

அத்தனை நாளும் ஊர் வேலைக்குப் போக வண்டி வேண்டாமா? பெட்ரோல் வேண்டாமா? அதற்கெல்லாம் பணம்? அடுக்களைக்கு வாருங்கள், அங்கேதான் அசல் சுவாரஸ்யம். சமையற்காரர் ஜார்ஜியா கில்மோர் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுக்கிறார், சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' சுடுகிறார். (நம்ம ஊர்த் துணிப்பை அல்ல, தின்கிற பை!) அழகு நிலையங்களிலும் டாக்ஸி ஸ்டாண்டுகளிலும் விற்பனை. விஷயம் தெரியாமல் வாங்கித் தின்ற வெள்ளையர்களும் உண்டு. யார் யார் சமைத்தது என்பது கில்மோருக்கு மட்டுமே தெரியும். எஜமானர் காதுக்கு எட்டினால் பிழைப்புப் போய்விடுமே! பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை'. குழுவின் பெயரே 'கிளப் ஃப்ரம் நோவேர்'. அந்தக் காலத் தமிழில் கிளப் என்றாலே சாப்பாட்டுக் கடைதானே, என்ன பொருத்தம்!

வாராவாரம் கூட்டத்தில் அந்த வசூல் தொகையை அறிவித்ததும் தேவாலயமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

புறக்கணிப்புக்காகக் கிங் மீது போட்ட வழக்கில் சாட்சி சொன்ன பிறகு கில்மோருக்கு ஓட்டல் வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்து விற்கச் சொல்லி உற்சாகப்படுத்தியவர் கிங். அந்தச் சாப்பாட்டுக்கு அவரே வாடிக்கையாளரும் ஆனார்.

1990 மார்ச்சில் கில்மோர் இறந்தார். கறுப்பர்களின் வாக்குரிமைக்காக நடந்த செல்மா பேரணியின் 25ஆம் ஆண்டு விழாவுக்காக அப்போதும் சமைத்துக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கோழியையும் மக்ரோனியையும் துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பரிமாறினார்கள்.