ஓய்வுபெற்ற போர் விமானங்களைப் படமெடுப்பது எப்படி?

அருங்காட்சியகத்தில் நிற்கும் போர் விமானத்தைப் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் படமெடுக்கிறார்கள். மூக்குக்கு எதிரே சற்று ஒதுங்கி நின்று, இரண்டு இறக்கைகளும் சட்டத்துக்குள் அடங்கும்படி ஒரு படம். பிறகு அதன் முன்னால் நண்பரை நிறுத்தி இன்னொரு படம். இரண்டும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து அந்தப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு விமானத்தைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னால் எழுத முடியாது. விமானத்தின் வரலாறு அதன் கம்பீரத்தில் இல்லை. அதை எங்கே வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள், எதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைப் பொருத்தினார்கள் என்பதில்தான் இருக்கிறது. கேமராவை அங்கே கொண்டு போக வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

நான் இயந்திரப் பொறியியல் மாணவன். ஜொகூர் பாருவில் ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது சிங்கப்பூரில் பட்டப்படிப்பு. கடந்த சில ஆண்டுகளில் பாய லேபார் விமானத்தளத்தின் ஓரம், ஏர்போர்ட் ரோட்டில் அமைந்த சிங்கப்பூர் ஆகாயப்படை அருங்காட்சியகத்துக்கு மூன்று முறை சென்றேன். நுழைவுக் கட்டணம் இல்லை. என்னிடம் இருப்பது மூத்தவர் ஒருவரிடம் மலிவாக வாங்கிய பழைய கேமராவும் அதனுடன் வந்த சாதாரண லென்ஸும்தான். கைப்பேசி மட்டும் இருந்தாலும் நான் சொல்வதில் பெரும்பகுதியைச் செய்யலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. பிரிட்டன் தன் படைகளை இங்கிருந்து விலக்கிக்கொள்ளப் போவதாக 1968 ஜனவரியில் அறிவித்தது. 1971 இறுதிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். விடுதலை பெற்று மூன்று ஆண்டுகூட ஆகாத சிங்கப்பூரிடம் அப்போது சொந்தப் போர் விமானம் ஒன்றுகூட இல்லை. அதே 1968-இல் ஆகாயத் தற்காப்பு ஆணையம் தொடங்கப்பட்டது. அதுவே 1975-இல் சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப்படை ஆயிற்று. கையில் பணம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு. ஆகவே பிறர் பயன்படுத்திய விமானங்களை வாங்கிச் செப்பனிட்டுப் பறக்கவிட்டார்கள். பிரிட்டனின் ஹண்டர், அமெரிக்கக் கடற்படையின் ஸ்கைஹாக் இரண்டுமே அப்படி வந்தவை. அருங்காட்சியகத்தின் வெளிமுற்றத்தில் நடக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் பார்வையே மாறிவிடும்.

ஸ்கைஹாக் விமானத்தில் தொடங்குவோம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1954-இல் முதன்முதலாகப் பறந்த இதை வடிவமைத்தவர் டக்ளஸ் நிறுவனத்தின் எட் ஹைனமன். விமானந்தாங்கிக் கப்பலுக்காகவே வரையப்பட்ட விமானம் இது. இறக்கையின் முழு அகலம் சுமார் 8.4 மீட்டர், நாம் தினமும் ஏறும் இரட்டை மாடிப் பேருந்தின் நீளத்தைவிடக் குறைவு. கப்பலின் குறுகிய இடத்தில் நிறுத்துவதற்காக மற்ற விமானங்களின் இறக்கைகளை மடக்குவார்கள். இதற்கு மடக்கவே தேவையில்லை. மடக்கும் கீலும் இயந்திரமும் இல்லாததால் எடையும் மிச்சம்.

இப்போது பக்கவாட்டில் நில்லுங்கள். இவ்வளவு சின்ன விமானத்துக்கு ஏன் இவ்வளவு உயரமான கால்கள் என்று தோன்றும். கொக்குபோல நிற்கும். வயிற்றுக்கடியில் பெரிய அணுகுண்டு ஒன்றைத் தொங்கவிட இடம் வேண்டும் என்பதற்காக 1950-களில் எடுத்த முடிவு அது. அந்தக் குண்டுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் கால்கள் மட்டும் கூடவே வந்துவிட்டன. இதைப் படத்தில் காட்ட வேண்டுமானால் நீங்கள் குனிய வேண்டும். முழங்காலிட்டுக் கேமராவைச் சக்கரத்தின் அச்சு உயரத்துக்கு இறக்கினால்தான் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே உள்ள வெற்றிடம் தெரியும். நின்றவாறு எடுத்தால் அந்த இடைவெளி மறைந்துவிடும்.

அடுத்து இறக்கையின் முன்விளிம்பு. ஆங்கிலத்தில் ஸ்லாட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? நான் ‘முன்விளிம்புத் தகடு’ என்று எழுதுகிறேன். நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். ஸ்கைஹாக்கில் இதை இயக்க மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ கிடையாது. வேகம் கூடினால் காற்றே அதை உள்ளே தள்ளிவிடும், வேகம் குறைந்தால் தானாக வெளியே வரும். தரையில் நிற்கும்போது அதன் சொந்த எடையே அதைக் கீழே இறக்கிவிடும். ஆகையால் நிற்கும் ஸ்கைஹாக்கின் படங்களில் அந்தத் தகடு தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டால் ஏதோ கழன்றுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

வாலுக்குப் போங்கள். அங்கே நிற்கும் சுக்கானைப் பாருங்கள். எல்லா விமானங்களிலும் வழுவழுப்பான தோல் வெளியேயும் எலும்புச் சட்டம் உள்ளேயும் இருக்கும். இதில் தலைகீழ். நடுவில் ஒற்றைத் தகடு, அதன் இருபுறமும் விலா எலும்புகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் சுக்கானில் ஏற்பட்ட அதிர்வைத் தடுக்கத் தற்காலிகமாகச் செய்த ஏற்பாடு இது. நன்றாக வேலை செய்ததால் அப்படியே நிலைத்துவிட்டது. 1979 வரை தயாரான 2,960 ஸ்கைஹாக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இதே வால்தான். தற்காலிக ஏற்பாடுகள் நிரந்தரமாவது பல்கலைக்கழக விடுதிகளில் மட்டுமல்ல!

இந்த விலா எலும்புகளைப் படமெடுக்க நண்பகல் உதவாது. நம் ஊர் வெயில் 11 மணிக்கு மேல் உச்சியிலிருந்து கொட்டும். உலோகம் வெள்ளையாகப் பளபளக்கும், வயிற்றுப்புறம் கரியாகிவிடும். காலையில் கதவு திறந்ததும் போனால் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும். ஒவ்வொரு ரிவெட்டும், ஒவ்வொரு நெளிவும் தனக்கென ஒரு சிறு நிழலோடு எழுந்து நிற்கும். மழை பெய்து ஓய்ந்த மேகமூட்டமும் நல்லதுதான், ஆனால் அது நிறங்களுக்கு. எழுத்தும் சின்னமும் படிக்கத் தெளிவாக வரும். எழுத்து வேண்டுமானால் மேகம், உருவம் வேண்டுமானால் காலை வெயில் என்று நான் பிரித்துக்கொண்டேன்.

சிங்கப்பூர் இந்த விமானத்தை என்ன செய்தது என்பது இதைவிடச் சுவையானது. 1972-இல் அமெரிக்கக் கடற்படை ஓரங்கட்டிய ஸ்கைஹாக்குகளை வாங்கினார்கள். இறக்கை அடியில் இருந்த 20 மில்லிமீட்டர் துப்பாக்கிகளை எடுத்துவிட்டு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகளைப் பொருத்தினார்கள். காரணம் எளிது. ஹண்டரிலும் அதே ஏடன்தான், இரண்டுக்கும் ஒரே ரவை போதும். 1980-களின் இறுதியில் பழைய எஞ்சினை நீக்கி, அமெரிக்கக் கடற்படையின் ஹார்னெட் விமானத்தில் உள்ள எஃப்-404 எஞ்சினின் ஒரு வகையைப் பொருத்தினார்கள். அதுதான் சூப்பர் ஸ்கைஹாக். 2005-இல் அது முன்னணிச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றது. பிரான்சின் காசோ தளத்தில் பயிற்சி விமானமாக 2012 வரை பறந்தது.

இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தின் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்கர்களின் இரட்டை இருக்கை ஸ்கைஹாக்கில் இருவருக்கும் ஒரே நீண்ட கண்ணாடிக் கூண்டு. சிங்கப்பூரிடம் இருந்ததோ ஒற்றை இருக்கை விமானங்கள். அவற்றை வெட்டி நீட்டி, முதல் கூண்டுக்குப் பின்னால் சற்று உயரத்தில் இரண்டாவது கூண்டு ஒன்றைத் தனியாக வைத்தார்கள். இரண்டு திமில் ஒட்டகம்போல இருக்கும். உலகில் வேறு எந்த நாட்டு ஸ்கைஹாக்கும் அப்படி இல்லை. எங்கேனும் ஒரு பழைய படத்தில் இரண்டு திமில் தெரிந்தால், சின்னத்தைப் பார்க்காமலே அது சிங்கப்பூருடையது என்று சொல்லிவிடலாம். எங்கள் மலேசியாவும் 1980-களில் 88 பழைய ஸ்கைஹாக்குகளை வாங்கியது. ஆனால் புதுப்பித்துப் பறக்கவிட்டது 40-ஐ மட்டுமே.

ஹண்டருக்கு வருவோம். இதை நான் எடுத்ததற்குக் காரணம் என் தாத்தா. 1960-களில் அவர் தெங்கா விமானத்தளத்தில் கொட்டகை கழுவும் வேலையில் இருந்தார். பிரிட்டிஷ் ஆகாயப்படையின் 20-ஆவது அணி அப்போது ஹண்டர்களோடு அங்கே இருந்தது. வெள்ளைக்காரர்கள் போனதும் தாத்தாவின் வேலையும் போயிற்று. ஜொகூருக்குத் திரும்பித் தோட்டத்தில் சேர்ந்தார். விமானத்தைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

இரண்டாம் முறை சென்றுவந்த பிறகு, மூக்குக்குக் கீழே எடுத்த ஒரு நெருக்கப் படத்தை அவரிடம் காட்டினேன். முழு விமானம் அதில் இல்லை, இரண்டு வீக்கங்கள் மட்டும்தான். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“ஹண்டர்டா இது.”

“எப்படித் தாத்தா தெரியுது?”

“இந்தப் பொட்டி ரெண்டும் இருக்கே. சுடுறப்ப ரவையைக் கோத்திருக்கிற கண்ணியெல்லாம் இதுல வந்து விழும். தரையில சிந்துனா பொறுக்குறது யாரு, நாங்கதானே.”

அவர் சொன்னது சரி. ஏடன் பீரங்கி சுடும்போது ரவைகளைக் கோத்திருக்கும் இரும்புக் கண்ணிகள் கழன்று விழும். அவை காற்றில் பறந்து விமானத்தின் உடலையே சேதப்படுத்தாதபடி அந்த வீக்கங்களுக்குள் சேகரமாகும். சப்ரினா என்ற பிரிட்டிஷ் நடிகையின் பெயரையே விமானிகள் அவற்றுக்கு வைத்துவிட்டார்கள். ஏன் என்பதை வாசகரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். தாத்தாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, அல்லது பேரனிடம் சொல்லவில்லை. அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினார். ஹண்டரின் நான்கு பீரங்கிகளும் ஒரே பெட்டியாகக் கீழே இறங்கும், புதிய பெட்டி ஏறும், சில நிமிடங்களில் விமானம் மறுபடி தயார் என்றார். நான் பின்னர் நூலகத்தில் படித்ததும் அதுவே. முழு விமானப் படத்தைக் காட்டியிருந்தால் “நல்லாருக்கு” என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

முற்றத்தில் பெரியது ஹாக்ஐ. முதுகில் 7.3 மீட்டர் விட்டமுள்ள ரேடார் தட்டைச் சுமக்கும் விமானம். 1987 முதல் 2010 வரை சிங்கப்பூரின் வானத்தைக் கண்காணித்தது. இதற்கு வாலில் ஒன்றல்ல, நான்கு செங்குத்துத் துடுப்புகள். இதுவும் கப்பலுக்காகப் பிறந்ததுதான். ஒரே பெரிய வால் வைத்தால் கப்பலின் உள்கொட்டகைக் கூரையில் இடிக்கும், ஆகவே நான்கு குட்டை வால்கள். அந்த நான்கில் மூன்றில்தான் அசையும் சுக்கான் உண்டு. பின்னால் போய் நின்று எது அசையாதது என்று தேடிப்பாருங்கள், நல்ல விளையாட்டு. விமானந்தாங்கிக் கப்பலே இல்லாத தீவில் கப்பல் விமானங்கள் இரண்டு வகை நிற்பதை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர நானும் முயன்றுகொண்டிருக்கிறேன், இடம்தான் ஒத்துவரவில்லை.

ஹாக்ஐ போன்ற பெரிய உருவத்தைக் கிட்ட நின்று அகல லென்ஸில் எடுத்தால் மூக்கு கத்தரிக்காய்போல உப்பிவிடும். பின்னால் நகர்ந்து, 50 மில்லிமீட்டருக்கு அருகில் வைத்து எடுங்கள். வானம் வெளுத்திருக்கும் நாளில் கேமரா ஏமாந்து விமானத்தை இருட்டாக்கும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். உள்ளரங்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றுக்கு ஃபிளாஷ் வேண்டாம், லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தால் பிரதிபலிப்பு வராது.

இப்படி அவசரப்பட்டு எடுத்துவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெட்டவெளியில் நிற்கும் விமானத்துக்கு நம் தட்பவெப்பம் எதிரி. அலுமினியத் தகட்டில் எஃகுத் திருகு தொடும் இடத்தில் மழைநீர் தேங்கினால் அரிப்பு அங்கேதான் தொடங்கும். கூண்டின் அக்ரிலிக் மஞ்சளித்து மயிரிழை வெடிப்பு விடும். டயர் ஒரே பக்கம் அழுந்தித் தட்டையாகும். காப்பாற்ற ஒரே வழி அவ்வப்போது சுரண்டி மறுபடி சாயம் பூசுவது. ஆனால் ஒவ்வொரு பூச்சிலும் ‘இங்கே மிதிக்காதே’, ‘இங்கே தூக்கு’ என்று பணியாளர்களுக்காக எழுதிய சிற்றெழுத்துகள் மறைய வாய்ப்புண்டு. பறந்த காலத்தின் எழுத்து எது, பின்னால் எழுதியது எது என்று பிறகு பிரிக்க முடியாது. தேதியிட்ட படம் இருந்தால்தான் முடியும். அதோடு, பாய லேபார் தளம் 2030-களில் இடம்பெயரத் தொடங்கும் என்று 2013-லேயே அறிவித்துவிட்டார்கள். அதன் ஓரத்தில் இவை நிற்கும் காட்சியும் எப்போதும் இருக்கப்போவதில்லை.

போக விரும்புவோர் முதலில் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம், நிழல் குறைவு. பக்கத்தில் இருப்பது இயங்கும் படைத்தளம், ஆகவே கேமரா வேலிக்கு அப்பால் திரும்பக் கூடாது. ஒவ்வொரு விமானத்திலும் முதலில் அதன் வரிசை எண்ணை ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகு மற்றவற்றை எடுத்தால், வீட்டில் பிரிக்கும்போது எந்தச் சக்கரம் எந்த விமானத்துடையது என்று குழம்பாது. கோப்புக்குப் பெயரிடும்போது அந்த எண்ணையும் தேதியையும் சேர்த்துவிடுங்கள். வீட்டில் தளங்களிலோ துறைமுகத்திலோ வேலை செய்த தாத்தா, பாட்டி இருந்தால், நெருக்கப் படங்களை முதலில் அவர்களிடம் காட்டுங்கள்.