பூவரசம் பூ விற்ற வெள்ளைக்கார ஆசிரியை

கரவனெல்லவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், "குளிரோட வருதா?" என்றுதான் அப்பாயி முதலில் கேட்பார். 1934இல் மலேரியா வந்தபோது அவருக்கு ஏழு வயது. அந்தக் காலத்தைத் தேடிப் படித்தபோதுதான் டொரீன் யங் விக்கிரமசிங்கவை அறிந்துகொண்டேன்.

1907இல் இங்கிலாந்தில் பிறந்த டொரீன், 1930இல் மாத்தறை சுஜாதா வித்தியாலயத்தின் அதிபராக இலங்கை வந்தார். 1933இல் மருத்துவரும் அரசியல்வாதியுமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவை மணந்தார். அப்போது ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும், பிரித்தானியப் படைவீரர்களின் உதவி நிதிக்காகப் பாடசாலைப் பிள்ளைகள் பொப்பி மலர் வாங்க வேண்டியிருந்தது. இந்த நாட்டுப் பிள்ளைகளின் காசு ஏன் அங்கே போக வேண்டும் என்று டொரீன் பத்திரிகையில் எழுதினார். அதே நாளில் பூவரசம் பூ விற்ற 'சூரிய மல்' இயக்கத்துக்குத் தலைவியானார்.

அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகின. அவற்றில் நுளம்பு பெருகியது. மலேரியாவுக்குப் பழக்கப்படாத ஈரவலய மக்களின் உடல் அதைத் தாங்கவில்லை. நாடெங்கும் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. மருந்தோடும் உணவோடும் இங்கு வந்தவர்கள் சூரிய மல் இளைஞர்கள். பருப்புக் கொடுத்த என்.எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தயா' என்றார்கள். 1935 டிசம்பரில் இந்த இளைஞர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். 1936இல் ருவன்வெல்லத் தொகுதி என்.எம்மை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

டொரீன் 1952இல் அக்குரஸ்ஸவிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அந்தத் தேர்தலில் எங்கள் தோட்டங்களில் பெரும்பாலானோருக்கு வாக்கில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதன் பின்வந்த சட்டங்களும் அதைப் பறித்திருந்தன. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1952இல் ஒன்றுகூட இல்லை.

குற்றம் டொரீனுடையதல்ல. இடதுசாரிகள் 1948இல் அந்தச் சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தார்கள். ஆனால் 1966இல் தமிழ் மொழிக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களிலும் அதே கட்சிகள் இருந்தன. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

கடல் கடந்து வந்த ஒருவர் தன் உழைப்பால் இந்த நாட்டவராகிப் பாராளுமன்றத்திலும் அமர்ந்தார். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே மலேரியாவைக் கண்டு, இங்கேயே பால் வெட்டிய அப்பாயி முதன்முதலாக வாக்களித்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது.