இரும்புக்கையும் நாணமும்

இரும்புக்கை மாயாவி என்றதும் தீயோரை ஒறுக்கும் வீரனையே தமிழ் வாசகர் நினைப்பர். 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதலிதழ் அவன் பெயரையே தாங்கியது. ஆயினும், அம்முதற் கதையில் அவன் புரிவன வீரச் செயல்கள் அல்ல.

1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் கென் பல்மர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த கதை அது. ஆய்வுகூட உதவியாளனான லூயி கிராண்டல் விபத்தொன்றிற் கையிழந்து இரும்புக்கை பெறுகின்றான். பின்னொரு விபத்தில் மின்சாரம் பாய, உடல் மறைகின்றது. இரும்புக்கை மட்டும் மறையவில்லை. அதன்பின் அவன் குற்றவாளியாகின்றான்.

அவனைக் கெடுத்தது யாது? காண்பாரில்லை என்னுந் துணிவே எனலாம். பிளேட்டோ கூறும் கைஜீஸ் என்னும் இடையனும், மறைக்கும் மோதிரம் பெற்றபின்னரே அரசனைக் கொன்றான். பிறர் கண்ணுக்கு நாணி ஒழுகியவன், அக்கண் அகன்றதும் ஒழுக்கத்தையும் கைவிடுகின்றான். களவு செய்யுங் கை மட்டும் வெளியே தெரிவதாக அமைத்தமை, சிறுவர் கதையாயினும், நுட்பமான கற்பனையே.

கந்தபுராணச் சூரபன்மனும் அருந்தவத்தால் உயர்ந்து, பெற்ற வரத்தாற் கொடியவனானான். முருகன் அவனை அழித்தொழிக்கவில்லை; மயிலும் சேவலுமாக்கி ஏற்றுக்கொண்டான். வெல்ஸ் 1897இல் எழுதிய நாவலின் மறைந்த மனிதனுக்கு அவ்வாய்ப்பில்லை. அவன் அடியுண்டு இறந்தான். கிராண்டலோ பிற்கதைகளில் நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் ஒற்றனாகின்றான். அப்போதும் மறைவதற்கு மின்சாரம் வேண்டும். கை வெளியே தெரியவே செய்யும்.