முதுகலைப் பட்டமும் அதன் இரு வாயில்களும்



பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்து, கிழக்கேகோட்டையைச் சுற்றி வேரூன்றிய நம் தமிழ்க் குடும்பங்களில் இப்பொழுது புதியதொரு விருப்பம் தோன்றியிருக்கிறது. வீட்டில் இருந்தபடியே முதுகலைப் பட்டம் பெற வேண்டும் என்பதே அது. சாலைக் கம்போளத்தில் கணக்கு எழுதும் இளைஞர், பி.ஏ. முடித்தவுடன் மணமாகி இவ்வூருக்கு வந்த மருமகள், தம்பானூர் நிலையத்தில் இரவு முறை பார்க்கும் சிப்பந்தி ஆகிய எல்லோரும் கையிலுள்ள தொலைபேசியைக் காட்டி, “இதிலேயே எம்.ஏ. படிக்கலாமாமே, உண்மைதானா?” என்று வினவுகிறார்கள். உண்மைதான். ஆயினும் அவ்வுண்மைக்கு இரண்டு வாயில்கள் உண்டு. உள்ளே புகும் வாயில் ஒன்று. பட்டத்துடன் வெளிவரும் வாயில் மற்றொன்று. முதல் வாயிலில் கேட்க வேண்டியதைக் கேளாமல் புகுந்தவர்க்கு இரண்டாவது வாயில் திறப்பதில்லை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதுபவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். எனினும் விதிகளை வரிவிடாமல் வாசித்து, அவற்றுக்கு ஏற்பக் காகிதங்களை ஒழுங்கு செய்வதே என் அன்றாடத் தொழில். ஆகையால் இத்துறையின் விதிகளையும் அவ்வாறே வாசித்து, நம் இல்லங்களுக்குப் பயன்படுவனவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எம்.ஏ. என்னும் இரண்டெழுத்துக்கு நம்மவர் நீண்ட காலமாகவே மதிப்பளித்து வந்திருக்கின்றனர். இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்து, 1891-இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, திருவிதாங்கூரில் எம்.ஏ. பட்டம் பெற்ற முன்னோடிகளுள் ஒருவர். மறுபுறம், இதே சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே கதைகள் எழுதி, 2015-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஆ. மாதவன் அவர்களையும் நாம் அறிவோம். ஆகவே அறிவு பட்டத்தினால் மட்டுமே வருவதன்று. ஆனால் வேலை, பதவி உயர்வு, ஆசிரியத் தகுதி ஆகியவற்றின் கதவுகள் பட்டத்தைத்தான் கேட்கின்றன. அப்படிக் கேட்கும் இடத்தில் செல்லாத பட்டத்தை நீட்டுவது, வேறு நாளைய சீட்டை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறுவதை ஒக்கும்.

ஏணியின் படிகள்

முதற்கண் அறிய வேண்டுவது ஏணியின் ஒழுங்கு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, குறைந்தது மூன்றாண்டு இளநிலைப் பட்டம், அதன் பின்னரே முதுகலை என்பதே அவ்வொழுங்கு. மூன்றாண்டு முதற்பட்டம் முடியாதவர் முதுகலையில் சேரலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 1985-ஆம் ஆண்டிலேயே விதி வகுத்துவிட்டது.

இவ்விதி இருந்தும், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, வயது நிரம்பியிருந்தால் போதும் என்று பள்ளியிறுதியோ இளநிலையோ இல்லாதவர்களையும் திறந்தநிலை வழியில் எம்.ஏ. வகுப்பில் சேர்த்துக்கொண்டன. உழைப்பாளிகள் பலர் அதனை நம்பிப் பணம் கட்டிப் படித்துத் தேறினார்கள். 2009-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், முதற்பட்டமின்றிப் பெற்ற அத்தகைய முதுகலைப் பட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. வரிசை மாறிப் பெற்ற பட்டங்களை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாட்டு அரசும் அவ்வாண்டே ஆணையிட்டது. படித்தவர்கள் படித்தது மெய். தேர்வு எழுதியதும் மெய். புகுந்த வாயில்தான் பிழை. எத்தனையோ பேரின் பதவி உயர்வு இதனால் நின்றுபோயிற்று.

ஆகவே என் போன்று பத்தோடு நின்றவர்கள் மனந்தளர வேண்டா; குறுக்குவழியும் தேட வேண்டா. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாகப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, பிறகு இளநிலையும், அதன் பிறகு முதுகலையும் எனப் படிப்படியாக ஏறலாம். வழி நீண்டதே, ஆனால் இடையில் அறுந்து விழாத வழி.

நம் பிள்ளைகளுக்கு மற்றொரு செய்தி. கேரளத்துக் கல்லூரிகளில் 2024 முதல் நான்காண்டு இளநிலைத் திட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. மூன்றாண்டு முடித்து வெளிவருபவர்க்கு முதுகலை இரண்டாண்டு. நான்காண்டும் முடித்தவர்க்கு ஓராண்டு முதுகலையும் போதும் என்பது மானியக் குழு 2024-இல் வெளியிட்ட பாடத்திட்ட வரைவின் ஏற்பாடு. மூன்றாம் ஆண்டின் முடிவில் அவசரப்பட்டு வெளியேறுவதற்கு முன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொலைநிலை வேறு, இணையவழி வேறு

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். தொலைநிலைக் கல்வியில் அச்சிட்ட பாடநூல்களும் கற்றல் மையத்தில் நேர்வகுப்புகளும் உண்டு. இணையவழிக் கல்வியில் பாடவுரை, பாடநூல், வினாவிடை, கலந்துரையாடல் ஆகிய நான்கும் கணினி வாயிலாகவே நடைபெறும். தேர்வு மட்டும் தக்க கண்காணிப்புடன் நடத்தப்படும். இரண்டையும் ஒழுங்குபடுத்துவது 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் மானியக் குழு வெளியிட்ட விதித்தொகுப்பு. ஏற்பு பெற்ற நிறுவனத்தில் இவ்வழிகளில் பெறும் பட்டம், கல்லூரிக்கு நேரில் சென்று பெறும் பட்டத்துக்கு நிகரானது என்றும் அக்குழு 2022-இல் அறிவித்திருக்கிறது.

புலம்பெயர்ந்த நமக்கு இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு அப்பால் தொலைநிலைக் கல்வி நடத்தலாகாது. ஆகவே தமிழகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலை மையம் திருவனந்தபுரத்தில் இருப்பதாக எவரேனும் கூறினால் ஐயுற வேண்டும். இணையவழிப் படிப்புக்கோ அவ்வெல்லை இல்லை. தமிழகத்துப் பல்கலைக்கழகம் முறையான அனுமதியுடன் இணையவழியில் நடத்தும் முதுகலையில் நாம் இங்கிருந்தே சேரலாம். 1985-இல் தொடங்கப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு முழுமைக்கும் உரியது; அதன் மண்டல மையம் இந்நகரிலேயே இருக்கிறது. கொல்லத்தில் 2020-இல் தோன்றிய ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நமக்கு அண்மையில் உள்ளது.

பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாயிருந்தால் போதாது. அந்தப் பாடத்துக்கு, அந்தப் பருவத்துக்கு அனுமதி உண்டா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்தறிய வேண்டும். பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் முதலியவற்றை இவ்வழிகளில் பயில இயலாது. 2025 ஜூலை-ஆகஸ்டு பருவம் முதல் உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து ஆகியவையும் விலக்கப்பட்டுவிட்டன. நம் வீட்டுப் பெண்கள் உளவியலை மிகவும் விரும்புவதால் இதனை அழுத்திக் கூறுகிறேன்.

சேரும் முறை

சேர்க்கை ஆண்டுக்கு இரு பருவங்களில் நடைபெறும்: ஜூலையை ஒட்டி ஒன்று, ஜனவரியை ஒட்டி ஒன்று. 2024 முதல், சேர விரும்பும் மாணவர் முதலில் கிரெடிட் வங்கி எனப்படும் ஏ.பி.சி. கணக்கைத் தொடங்கி, அதனைக் கொண்டு டி.இ.பி. எண் என்னும் அடையாள எண்ணைத் தாமே பெற வேண்டும். இவ்வெண் இன்றிச் சேர்க்கை இல்லை.

இங்கேதான் நம்மவர் பலருக்கு இடறல் நேர்கிறது. தமிழ் வழக்கில் தந்தையின் பெயரெழுத்தைப் பெயருக்கு முன்னே இடுகிறோம். மலையாள வழக்கில் பின்னே இடுகிறார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும், ஆதாரில் எழுத்து விரிந்து மற்றொரு விதமாகவும், மணமான பின் கணவர் பெயர் சேர்ந்து மூன்றாவது விதமாகவும் ஒரே பெண்ணின் பெயர் நிற்பதைக் கண்டிருக்கிறேன். கணினிக்கு இம்மூவரும் வெவ்வேறு ஆட்கள். ஆதலால் விண்ணப்பம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே பெயரையும் பிறந்த நாளையும் பள்ளிச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது நலம்.

இடைத்தரகர் வாயிலாகச் சேர்வது ஆகாது. பல்கலைக்கழகங்கள் இக்கல்வியைப் பிறருக்குக் குத்தகைபோல் விடுவதை விதி தடை செய்கிறது. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகச் செல்ல வேண்டும். ரசீது மாணவர் பெயரில் இருத்தல் வேண்டும். மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை என 2018-இலேயே மானியக் குழு அறிவித்துள்ளது. அரசு ஊழியராயின் தம் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அனுமதி பெற்ற பின் சேர்வதே முறை.

ஒரே சமயத்தில் இரு பட்டங்கள் படிக்க 2022 முதல் இடமுண்டு. ஆனால் விதி இடந்தருவதனால் நம் உடலும் நேரமும் இடந்தரும் என்று கொள்ளலாகாது.

மணிக்கணக்கு

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் சேர்ந்தவர்கள் பாதியில் நிற்பதற்குப் பெருங்காரணம் இதுவே. இரண்டாண்டு முதுகலைக்கு 80 கிரெடிட்டுகள். திறந்தநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆக மொத்தம் 2,400 மணி. இரண்டாண்டில் முடிப்பதாயின் வாரம் 23 மணி. அதாவது நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்கு மேல். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதுகலைக்குக் குறைந்தது இரண்டாண்டும் மிகுதியாக நான்காண்டும் அளிக்கிறது. நான்காண்டாகப் பரப்பினால் வாரம் பதினொன்றரை மணி போதும். மூன்று முறை மாறி மாறி வேலை செய்பவரும், கைக்குழந்தை உள்ள தாயும் முதலிலேயே நான்காண்டுக் கணக்கை வகுத்துக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை. காலம் முழுதும் தீர்ந்த பிறகு விழிப்பதே இழப்பு.

அமெரிக்காவிலும் இவ்வொழுங்கு இருக்கிறது. அங்கு ஜார்ஜியா டெக் நிறுவனம் 2014 முதல் கணினி இயலில் இணையவழி முதுகலை நடத்துகிறது. கட்டணம் குறைவு, சேர்பவர் மிகுதி. ஆயினும் அடிப்படைப் பாடங்கள் இரண்டில் முதல் ஓராண்டுக்குள் நல்ல தரம் பெற வேண்டும். பத்துப் பாடங்களையும் ஆறாண்டுக்குள் முடிக்க வேண்டும். வாயில் அகன்றிருப்பதால் வழி தளர்ந்திருக்கிறது என்று பொருளன்று.

பட்டம் கைக்கு வரும் வழி

பணம் கட்டியதோடு பட்டம் உறுதியாயிற்று என எண்ணுவோர் உளர். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் நடைமுறையைக் கொண்டு விளக்குகிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒப்படைப்பு எனப்படும் எழுத்துப்பணி உண்டு; அதற்கு நூற்றுக்கு 30. ஜூன், டிசம்பர் மாதங்களில் நடைபெறும் பருவத் தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியே 40 விழுக்காடு பெற்றால்தான் தேர்ச்சி. தேர்வில் எழுபதுக்கு அறுபது வாங்கினாலும், ஒப்படைப்பு அனுப்பாதவருக்கு அப்பாடம் முடியாததாகவே நிற்கும்.

அன்றியும், தேர்வுக்கெனத் தனி விண்ணப்பமும் தனிக் கட்டணமும் உண்டு. முதலாண்டில் தவறிய பாடங்கள் இருப்பினும், இரண்டாம் ஆண்டுக்கு உரிய நாளில் மறுபதிவு செய்தாக வேண்டும். எல்லாம் தேறிய பின் தற்காலிகச் சான்றிதழும் மதிப்பெண் அட்டையும் வரும். பட்டமளிப்பு விழாவுக்கென மறுபடி பதிவு செய்து கட்டணம் செலுத்தினால்தான் பட்டச் சான்றிதழ் கைக்கு வரும்.

நம் சங்கத்து இல்லம் ஒன்றில், எல்லாப் பாடங்களிலும் தேறிய பெண்மணி ஒருவர், இந்தக் கடைசிப் பதிவைச் செய்யாததால் ஈராண்டுகள் பட்டமின்றி இருந்தார். அவருக்கு அறிவில் குறைவில்லை. வீட்டில் ஒருவரும் “அடுத்து என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கவில்லை, அவ்வளவே. மாமியார் இரண்டு மணி நேரம் அடுக்களையைப் பார்த்துக்கொண்டால், கணவர் நாட்காட்டியில் கடைசி நாட்களைக் குறித்து வைத்தால், முடியாதது ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து படிக்கும் படிப்பாதலால் அதற்கு வீடே கல்லூரி. வீட்டார் அனைவரும் அக்கல்லூரியின் சிப்பந்திகள்.

அன்பர்களே! சேருமுன் ஒரு தாளில் ஐந்து வினாக்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விடையை எழுதுங்கள். என் முந்தைய படிகள் வரிசையாக உள்ளனவா? இப்பாடத்துக்கு இப்பருவத்தில் அனுமதி உண்டா? என் பெயர் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கிறதா? வாரத்துக்கு எத்தனை மணி என்னால் ஒதுக்க இயலும்? எந்த நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும்? ஐந்துக்கும் விடை கிடைத்த பின் தயங்காமல் கட்டணத்தைக் கட்டுங்கள். ஒன்றுக்கு விடை இல்லையேனும் அடுத்த பருவம் வரை பொறுத்திருங்கள். ஆறு மாதம் தாமதிப்பதால் நட்டமில்லை; செல்லாத பட்டத்துக்காக நான்காண்டு உழைப்பதே ஈடு செய்ய இயலாத நட்டம்.

அந்நிய மண்ணில் நமக்கு நிலமும் பெரும் பொருளும் இல்லாதிருக்கலாம். முறையாகப் பெற்ற கல்வியை எந்த எல்லையிலும் எவரும் இறக்கிவிட முடியாது. நம் இல்லந்தோறும் அத்தகைய பட்டம் ஒன்றேனும் வர வேண்டும் என்பதே அடியேனின் விழைவு.