கேட்டு வாங்க வழி இருக்கிறதா?

“எடுத்தா அவங்களுக்கு என்ன மாமா குறையுது?” என்று கேட்டான் அக்கா மகன். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். மடிக்கணினியில் ஒரு கேமை டோரண்ட்டில் இறக்கிக்கொண்டிருந்தான். எதிரே நான் டீயோடு உட்கார்ந்திருந்தேன். அவன் சமாளிப்பதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அப்படிக் கேட்கிறவனை “திருட்டு தப்புடா” என்று ஒரே வரியில் வாயடைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வியில் பலம் இருக்கிறது. தெருவில் நிற்கும் சைக்கிளை ஒருவன் ஓட்டிக்கொண்டு போனால், சொந்தக்காரர் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். கேமைப் பிரதி எடுத்தால் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதை மறுத்துப் பேசுவதில் பயனில்லை. சட்டமும் இதைப் பொருள் திருட்டாகப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் இதற்குப் பொருந்துவது 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துகிறவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அதன் 63பி பிரிவு. லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால், சிறையை விலக்கி 50,000 ரூபாய்க்குள் அபராதம் மட்டும் விதிக்கவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. ஆனால் வீட்டில் உட்கார்ந்து விளையாடும் பையனைத் தேடி யாரும் வரப்போவதில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேமின் பூட்டை உடைக்கும் கிராக் ஃபைலில் வைரஸ் வரும் என்று பயமுறுத்தலாம். வரும்தான். ஆனால் அது கணினியின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு. வைரஸ் இல்லாத கிராக் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பயத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு நியாயத்தை மட்டும் பேசுவோம் என்றேன்.

2013 ஏப்ரலில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன். பேட்ரிக் கிளக், டேனியல் கிளக் என்று இரண்டு சகோதரர்கள். கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற பெயரில் சின்னதாக ஒரு நிறுவனம் தொடங்கி, ‘கேம் டெவ் டைகூன்’ என்ற கேமை வெளியிட்டார்கள். விலை 7.99 டாலர். கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றை நாமே நடத்துவதுதான் ஆட்டம். 1980-களில் ஒரு கார் ஷெட்டில் ஒற்றை ஆளாக ஆரம்பிப்போம். என்ன வகை கேம், எந்தக் கணினிக்கு, எதில் எவ்வளவு உழைப்பைப் போடுவது என்று முடிவெடுத்து, விற்று, வந்த காசில் ஆள் சேர்த்து, பெரிய இடத்துக்கு மாறுவோம்.

எப்படியும் யாராவது கிராக் பண்ணிப் போடுவார்கள் என்று சகோதரர்களுக்குத் தெரியும். அதனால் வெளியிட்ட கையோடு, கிராக் பண்ணியது போலவே ஒரு பிரதியைத் தாங்களே டோரண்ட்டில் ஏற்றிவிட்டார்கள். அதில் ஒரே ஒரு மாற்றம். சில மணி நேரம் ஆடி, நிறுவனம் வளர்ந்து வரும் சமயத்தில் திரையில் ஒரு செய்தி வரும்: நம் கேமைப் பலர் விளையாடுகிறார்கள், ஆனால் காசு கொடுக்காமல் கள்ளப் பிரதியை இறக்கிக்கொள்கிறார்கள், இப்படியே போனால் திவாலாகிவிடுவோம். அதற்குப் பிறகு என்ன முயன்றாலும், எவ்வளவு நல்ல கேம் செய்தாலும், கையிருப்பு கரைந்து நிறுவனம் மூழ்கும். முதல் நாள் முடிவில் அவர்கள் வெளியிட்ட கணக்கு: காசு கொடுத்து வாங்கியவர்கள் 214 பேர். கள்ளப் பிரதியில் ஆடியவர்கள் குறைந்தது 3,104 பேர்.

அவர்களே ஏற்றிவிட்ட பிரதி என்பதால் அந்த எண்ணிக்கையை ஒரு பொது அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது. எனக்கு எண்ணிக்கையைவிட முக்கியமாகப் பட்டது அடுத்து நடந்தது. கள்ளப் பிரதியில் ஆடிய சிலர் இணையத்தில் வந்து உதவி கேட்டார்கள். என் கேமை எல்லாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள், அதைத் தடுக்க இந்த ஆட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா, இது அநியாயமாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டார்கள். நடிப்பில்லாத வருத்தம் அது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும், ‘எடுத்தா என்ன குறையுது’ என்ற கேள்விக்குப் பதில் அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

கேம் செய்கிறவர் முதலில் உழைத்து முடித்துவிடுகிறார். கூலியைப் பின்னால்தான் கேட்கிறார், அதையும் ஒருவரிடம் மொத்தமாகக் கேட்பதில்லை. விளையாட விரும்பும் ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறார். 7.99 டாலர் என்பது அப்படி ஒரு பங்கு. சும்மா எடுத்துக்கொள்கிறவன் பொருளை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. தன் பங்கைக் கொடுக்காமல் எழுந்து போகிறான். கொடுத்த 214 பேர் அவனுக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். “அந்த 214 பேர்கிட்ட போய், உங்க காசுல நான் விளையாடிக்கிறேன்னு சொல்லுவியா மாப்ள?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டவுன்லோடை நிறுத்தி வைத்தான். அழிக்கவில்லை.

உடனே அடுத்த கேள்வி வந்தது. “நான் எப்படியும் வாங்கியிருக்க மாட்டேனே. அப்போ நஷ்டம் ஏது?” இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஆணையம் ஈகோரிஸ் என்ற நிறுவனத்தைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தது. 2015-ல் முடிந்த ஆய்வு 2017-ல்தான் வெளியே வந்தது. புதிய வெற்றிப் படங்களைக் கள்ளத்தனமாகப் பார்ப்பது அவற்றின் வருமானத்தைத் தெளிவாகவே குறைக்கிறது. கேம்களில் அப்படி ஒரு பாதிப்பு தெரியவில்லை என்றது அது. பிறகு வந்த ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. டெனுவோ என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் கேமில் பூட்டும் பூட்டு. அது உடைந்த கேம்களின் வருமானத்தை வில்லியம் வோல்க்மன் என்பவர் கணக்கிட்டார். வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் சராசரியாக வருமானத்தில் 20 சதவீதம் போய்விடுகிறது. 12 வாரம் தாண்டி உடைந்தால் ஏறக்குறைய நஷ்டமே இல்லை என்பது அவர் கண்டது.

ஆக, நிறுவனங்கள் ஒவ்வொரு டவுன்லோடையும் போன விற்பனையாகக் கணக்குக் காட்டுவது மிகை. யாருக்கும் எதுவும் போகவில்லை என்பது அதைவிடப் பெரிய மிகை. ‘எப்படியும் வாங்கியிருக்க மாட்டேன்’ என்பதில் எனக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதைச் சொல்கிறவருக்கே அது நிஜமா என்று தெரியாது. சும்மா கிடைக்கிறது என்ற நிலையில் இருந்துகொண்டு, கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? ஆறு மாதம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கியிருக்கலாம். பிறந்த நாளுக்குக் கேட்டு வாங்கியிருக்கலாம்.

விலை விஷயத்தில் அவன் பக்கம் நியாயம் உண்டு. பெரிய நிறுவனத்தின் புதிய கேம் இங்கே நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய். அவன் மாதக் கைச்செலவே அவ்வளவு வராது. அமெரிக்காவின் சம்பளத்தை மனதில் வைத்துப் போட்ட விலையை உலகம் முழுக்க நீட்டினால், வாங்க முடியாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், 2011-லேயே இதைப் பற்றிப் பேசினார். பைரசிக்குப் பெரும்பாலும் காரணம் விலைகூட இல்லை, சேவைக் குறைபாடு என்பது அவர் கருத்து. கள்ளப் பிரதி விற்கிறவன் வீட்டு வாசலில், உடனே, வாங்குகிறவரின் மொழியில் தருகிறான்; நிறுவனமோ அந்த நாட்டில் இன்னும் வெளியிடவில்லை என்கிறது.

நல்ல சேவையால் கள்ளப் பிரதியோடு போட்டி போடலாம் என்று நடத்திக் காட்டிய ஊர் போலந்தின் வார்சா. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த சமயத்தில், கணினிக்காரர்கள் வார இறுதிச் சந்தையில் கூடுவார்கள். நம் சென்னையின் ரிச்சி தெருவையும் பர்மா பஜாரையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் அந்தச் சந்தை கண்ணுக்குத் தெரியும். கேம்களைப் பிரதி எடுத்து விற்பது அங்கே வெளிப்படையான வியாபாரம். கணினி நிரல்களைத் தெளிவாகக் காக்கும் பதிப்புரிமைச் சட்டமே போலந்துக்கு 1994-ல்தான் வந்தது. அந்தச் சந்தையில் பிரதி விற்றுக்கொண்டிருந்த பள்ளிப் பையன்களில் ஒருவர் மார்சின் இவின்ஸ்கி. அதே 1994-ல், பள்ளித் தோழர் மிகாவ் கிசின்ஸ்கியோடு சேர்ந்து சிடி ப்ராஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, முறையாக இறக்குமதி செய்து விற்க ஆரம்பித்தார்.

கள்ளப் பிரதியோடு எப்படிப் போட்டி போடுவது? 1999-ல் ‘பால்டர்ஸ் கேட்’ என்ற கேமைப் போலந்துக்குக் கொண்டுவந்தபோது அவர்கள் செய்ததைப் பார்க்க வேண்டும். ஐந்து சிடி கொண்ட பெரிய கேம் அது. முழுக்கப் போலிஷ் மொழிக்கு மாற்றினார்கள். நாடறிந்த நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்தார்கள். பெட்டியைத் திறந்தால் பழைய தோல்சுவடி போல அச்சிட்ட வரைபடம், விதிகள் புத்தகம், இசை சிடி. ஐந்து வட்டையும் பிரதி எடுத்து விற்கிறவனால் இதில் எதையும் கொடுக்க முடியாது. வெளியான அன்றே 18,000 பெட்டிகள் விற்றன. வாங்கவே மாட்டார்கள் என்று எல்லாரும் கைவிட்ட நாட்டில் நடந்தது இது. காசு இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கும் பலர், தங்களை மதித்து ஒரு பொருளைக் கொண்டுவந்தால் சேர்த்து வைத்தாவது வாங்குவார்கள் என்று நான் நம்புவதற்கு இதுவே போதும்.

அந்த நிறுவனமே பிறகு ‘தி விச்சர்’ வரிசையைச் செய்தது. 2011-ல் இரண்டாம் பாகம் வந்தபோது கடைப் பெட்டியில் பூட்டு இருந்தது, உடனே உடைத்தார்கள். கள்ளப் பிரதி 45 லட்சம் இருக்கும் என்று இவின்ஸ்கியே மதிப்பிட்டார். ஜெர்மனியில் இறக்கியவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். தவறான ஆளுக்கும் போகிறது என்று எதிர்ப்பு கிளம்பியதும் 2012 ஜனவரியில் நிறுத்திக்கொண்டார்கள். 2015-ல் மூன்றாம் பாகத்தைப் பூட்டே இல்லாமல் வெளியிட்டார்கள். அது 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

பூட்டைப் பற்றி ஒன்று மட்டும். 2010 மார்ச்சில் யூபிசாஃப்டின் சர்வர் படுத்தபோது, ‘அசாசின்ஸ் க்ரீட் 2’ வாங்கிய பலரால் தங்கள் கணினியில் அதைத் திறக்க முடியவில்லை. இணையத்தில் எப்போதும் இணைந்திருந்தால்தான் ஆட முடியும் என்று நிறுவனம் கட்டிவைத்திருந்தது. காசு கொடுத்தவரைத் தண்டிக்கும் பூட்டு எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாக இருந்ததில்லை.

ஆனாலும், கேம் சோறு இல்லை, மருந்து இல்லை. காத்திருக்கலாம். ஸ்டீமில் 2015 முதல் ரூபாயிலேயே விலை உண்டு, தள்ளுபடிக் காலத்தில் பழைய கேம்கள் பாதிக்கும் கீழே வரும். எபிக் கடை 2018 டிசம்பரிலிருந்து இலவசமாகவே கேம்கள் கொடுத்து வருகிறது. பிடிக்குமா என்று பார்க்கத்தான் இறக்குகிறேன் என்கிறவருக்கு, வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. செய்தவர் இருக்கிறார், விலை சொல்கிறார், கேட்டு வாங்க வழி இருக்கிறது என்றால், கொடுப்பது, காத்திருப்பது, விட்டுவிடுவது இந்த மூன்றுதான் நேர்மையான வழி. காசில்லாத பையன் இந்த எல்லையைத் தாண்டிப் போனால் எனக்கு அவன்மேல் கோபம் வராது. ஆனால் அது அவன் உரிமை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வழியே இல்லை என்றால்? அங்கே என் தீர்ப்பு மாறுகிறது.

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் அப்போது கடையில் கிடைக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டும் விற்ற கேம்களை இனி முறையாக வாங்க இடமில்லை. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் ‘தி க்ரூ’வின் சர்வரை அணைத்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அந்த கேம் செத்துப்போனது. நூலகங்கள் பழைய கேம்களை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியே காட்டக் கேட்ட அனுமதியையும், அதே ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. அங்கே நிறுவனம் செய்த படைப்புக்குப் பதிப்புரிமை 95 ஆண்டு. 1985-ல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 2080 முடியும் வரை பூட்டில் இருக்கும். அதற்குள் கேசட்டும் சிப்பும் கெட்டுவிடும்.

இவற்றைப் பிரதி எடுத்துக் காப்பாற்றி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். என் கண்ணில் இல்லை. விற்கவும் மாட்டேன், மற்றவரைக் காக்கவும் விட மாட்டேன் என்கிறவர், தனக்கு நஷ்டம் என்று புகார் சொல்ல முடியாது. இதைச் சாக்காக வைத்து, நேற்று வந்த கேமையும் ‘பாதுகாக்கிறேன்’ என்று இறக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் பெயரால்தான் நூலகங்களுக்கும் கதவு அடைபடுகிறது.

“செத்த கேம் திரும்ப வந்தா?” என்று கேட்டான். வந்திருக்கிறது. ‘சிஸ்டம் ஷாக் 2’ 1999-ல் வெளியானது. அதைச் செய்த நிறுவனங்களில் ஒன்று அடுத்த ஆண்டே மூடப்பட்டது. உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்ச் சிக்கியது. பல ஆண்டுகள் கடையில் கிடைக்கவில்லை. கள்ளப் பிரதிகளும் ரசிகர்கள் எழுதிய பேட்ச்களும்தான் அதைப் புதிய கணினிகளில் ஓட வைத்தன. ஸ்டீபன் கிக் என்பவர் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தைத் தேடிப் பிடித்துப் பேசி, 2013 பிப்ரவரியில் ஜிஓஜி கடையில் பூட்டில்லாமல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை இறக்கி ஆடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த பிப்ரவரிக்குப் பிறகு இறக்கியவர்களுக்கு அந்தச் சமாதானம் கிடையாது என்றேன். அவன் நிறுத்தி வைத்திருந்த கேமின் பெயரைக் கடையில் தட்டிப் பார்த்தான். இருந்தது, விலையும் ரூபாயில் போட்டிருந்தது.